சன்டவுனரும் அதன் கூட்டமும்

கோடைக்காலத்தில் தேம்ஸ் ஆற்றில் பழைய படகுகளுக்குப் பஞ்சமே இல்லை. வார்னிஷ் மின்னும் நீராவிப் படகுகள், எட்வர்ட் மன்னர் காலத்து உல்லாசப் படகுகள், துடுப்புப் படகுகள் என்று ஏதாவது ஒன்று போய்க்கொண்டே இருக்கும். ஆனால் ஒரு படகுக் கூட்டம் வரும்போது மட்டும் கரையில் நடப்பவர்கள் நின்று பார்க்கிறார்கள். அந்தப் படகுகளில் பெரும்பாலானவை அழகுப் போட்டியில் பரிசு வாங்கக்கூடியவை அல்ல. உயரம் ஒன்றாக இல்லை, வடிவம் ஒன்றாக இல்லை. ஒன்று மீன்பிடிப் படகு, அடுத்தது குடும்பத்தோடு ஊர்சுற்றக் கட்டியது, அதற்கடுத்தது சரக்குப் படகு. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது அணியத்தில் பறக்கும் கொடி ஒன்றுதான்: வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை. பிரிட்டனில் அந்தக் கொடியை அணியத்தில் ஏற்றும் உரிமை இரண்டே வகைக் கலங்களுக்கு உண்டு. கடற்படையின் ஆக உயர்ந்த பதவியான ஃப்ளீட் அட்மிரல் ஏறியிருக்கும் கப்பல் ஒன்று. 1940-ல் பிரான்சின் டன்கிர்க் கடற்கரையில் சிக்கிய படைகளை மீட்பதில் பங்கெடுத்த சிவிலியன் படகு மற்றொன்று.

டன்கிர்க் சிறுகலங்கள் சங்கம் என்ற அமைப்பின் படகுகள் இவை. காசு கொடுத்தோ சிபாரிசு பிடித்தோ இதில் சேர்ந்துவிட முடியாது. 1940 மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் டன்கிர்க் கடற்கரைக்குப் போய் வந்த படகு ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். தகுதி படகுக்கு, ஆள் அதற்கு அப்புறம்தான். ஆகவே இந்தச் சங்கத்தைப் புரிந்துகொள்ள மனிதர்களின் வரலாற்றைவிட ஒரு படகின் வரலாற்றைப் படிப்பது நல்லது. அதற்கு சன்டவுனரை எடுத்துக்கொள்வோம்.

சன்டவுனர் பிறந்தது 1912-ல், பிரிட்டிஷ் கடற்படையின் நீராவிப் படகாக. பெரிய கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் தபாலையும் சாமான்களையும் ஏற்றி இறக்குவது அதன் வகைப் படகுகளின் வேலை. பெயர்கூடக் கிடையாது, எண் மட்டும்தான். வேலை முடிந்ததும் இத்தகைய படகுகள் கழிக்கப்படும். 1929-ல் கென்ட் மாவட்டத்தின் கான்யர் என்ற சிற்றோடைச் சேற்றில் அதன் உடல் மட்டும் கிடந்தது. அதைத் தேடிவந்து வாங்கியவர் சார்லஸ் லைட்டோலர்.

படகு பிறந்த அதே 1912-ல்தான் லைட்டோலரின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. டைட்டானிக் கப்பலின் இரண்டாம் அதிகாரி அவர். ஏப்ரல் 15 விடியுமுன் கப்பல் மூழ்கியபோது அதோடு நீருக்குள் இழுபட்டு, மீண்டு, கவிழ்ந்து மிதந்த உயிர்காப்புப் படகு ஒன்றின் முதுகில் மற்றவர்களோடு நின்று இரவைக் கழித்தார். உயிர் பிழைத்த அதிகாரிகளில் மூத்தவர் அவரே. மீட்க வந்த கார்பேத்தியா கப்பலில் கடைசியாக ஏறியவரும் அவரே. முதல் உலகப் போரில் போர்க்கப்பல்களுக்குத் தலைமை தாங்கி விருதுகள் பெற்றார். போர் முடிந்து பழைய கம்பெனிக்குத் திரும்பியபோது சொந்தமாக ஒரு கப்பலின் தலைமை அவருக்குக் கிடைக்கவே இல்லை. கடலைவிட்டு விலகி, கோழி வளர்த்தும் விடுதி நடத்தியும் பிழைப்பு நடத்தினார்.

அப்படிப்பட்ட மனிதருக்குச் சேற்றில் கிடந்த அந்த உடல் தகுதியுள்ளதாகப் பட்டது. நீராவிக் கொதிகலன் போய் மோட்டார் வந்தது. அறைகள் எழும்பின, பாய்மரங்கள் ஏறின. 1930 கோடையில் 58 அடி நீள உல்லாசப் படகாக அது மறுபடி நீரில் இறங்கியது. சன்டவுனர் என்ற பெயரை வைத்தவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த அவருடைய மனைவி சில்வியா. அடுத்த பத்தாண்டுகள் குடும்பம் அதில் ஐரோப்பியக் கரையோரங்களைச் சுற்றியது. 1939 ஜூலையில் ஒரு பயணம் மட்டும் வேறு வகை. விடுமுறைக்கு வந்த வயதான தம்பதி போல லைட்டோலரும் சில்வியாவும் ஜெர்மன் கரையோரம் போனார்கள். உண்மையில் கடற்படைக்காக அந்தக் கரையை அளந்து குறித்துக்கொண்டிருந்தார்கள். போருக்கு இரண்டே மாதம் இருந்தது.

1940 மே மாதம் ஜெர்மன் படை பிரான்சுக்குள் புகுந்து, பிரிட்டிஷ், பிரெஞ்சு, பெல்ஜியப் படைகளைக் கடலோரத்துக்குத் தள்ளியது. தப்பிக்க எஞ்சிய துறைமுகம் டன்கிர்க் மட்டுமே. டோவர் கோட்டையின் அடியிலுள்ள சுரங்க அறைகளிலிருந்து துணை அட்மிரல் பெர்ட்ராம் ராம்சே நடத்திய அந்த மீட்புக்கு ‘ஆபரேஷன் டைனமோ’ என்று பெயர். மே 26 முதல் ஜூன் 4 வரை 3,38,226 பேர் மீட்கப்பட்டார்கள். அவர்களில் இந்தியர்களும் உண்டு. கோவேறு கழுதைகளோடு 1939 டிசம்பரில் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய ராயல் இந்திய ராணுவ சர்வீஸ் கோர் வீரர்கள் அவர்கள். பெரும்பாலும் பஞ்சாபி முஸ்லிம்கள். டன்கிர்க் கதைகளில் அவர்களுக்கு வெகுகாலம் இடம் கிடைக்கவில்லை.

சிறு படகுகள் ஏன் தேவைப்பட்டன என்பதற்குக் காரணம் அந்தக் கடற்கரையின் வாகு. டன்கிர்க்குக்குக் கிழக்கே மணல்கரை மிக மெல்லச் சரிந்து கடலுக்குள் இறங்குகிறது. வெகுதூரம் போனாலும் ஆழம் இடுப்பளவுதான். நாசகாரிக் கப்பல்கள் அருகே வர முடியாது. ஆட்கள் கழுத்தளவு நீரில் வரிசையாக நிற்க, யாராவது வந்து அவர்களை அள்ளி, ஆழத்தில் நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலோர் மீண்டது துறைமுகத்தின் கிழக்கு அலைதடுப்புச் சுவரில் அணைந்த பெரிய கப்பல்களில்தான். சிறு படகுகள் மொத்தப் படையையும் காப்பாற்றிவிடவில்லை. ஆனால் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கடற்கரை மணலிலிருந்து ஏற்றப்பட்டார்கள். ஆழமில்லா நீரில் மிதக்கும் சின்னஞ்சிறு கலங்கள் இல்லாமல் அது நடந்திருக்காது.

அந்தக் கலங்களில் கணிசமானவை தேம்ஸ் ஆற்றிலிருந்து போனவை. மே 14 அன்றே பிபிசி வானொலியில் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. 30 அடி முதல் 100 அடி வரை நீளமுள்ள எந்திரப் படகு வைத்திருப்பவர்கள் இரண்டு வாரத்துக்குள் கடற்படைக்கு விவரம் தர வேண்டும் என்றது அது. மே மாதக் கடைசி நாட்களில், டெடிங்டனில் படகுப் பட்டறை நடத்திய டஃப் சகோதரர்களிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. டக்ளஸ் டஃப்பும் அவருடைய ஆட்களும் மேல் ஆற்றில் நூற்றுக்கு மேற்பட்ட படகுகளைத் திரட்டினார்கள். உரிமையாளர் கிடைத்தால் சொல்லிவிட்டு, கிடைக்காவிட்டால் சொல்லாமலே எடுத்தார்கள். படகிலிருந்த தட்டுமுட்டுச் சாமான்களை இறக்கிப் பட்டியலிட்டுப் பத்திரப்படுத்தினார்கள். எஞ்சின்களைச் சோதித்தார்கள். பிறகு அவற்றைக் கோத்துக் கட்டி ஆற்றின் போக்கில் இழுத்துச் சென்றார்கள்.

டெடிங்டன் என்ற இடத்துக்கு இதில் ஒரு பொருத்தம் உண்டு. கடலின் ஏற்றவற்றம் தேம்ஸில் ஏறிவரும் எல்லை அது. நீர்மட்டத்தை உயர்த்தித் தாழ்த்திப் படகுகளைக் கடத்தும் மதகுத் தொட்டி ஒன்று அங்கே உண்டு. அதற்கு மேலே ஆறு அமைதியானது. கீழே இறங்கினால் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் நீர். ஞாயிற்றுக்கிழமை உலாவுக்காகக் கட்டிய அந்தப் படகுகளில் பல அந்தத் தொட்டியைத் தாண்டியதே இல்லை. திசைகாட்டிகூட இல்லாதவை ஏராளம். லண்டன் பாலங்களுக்கு அடியில் அவை வரிசையாகப் போனதுதான் இந்தக் கூட்டத்தின் முதல் பயணம். சங்கமும் கொடியும் பின்னால் வந்தவை.

மே 31 மாலை லைட்டோலருக்குத் தொலைபேசி வந்தது. சிசிக்கில் நிறுத்தியிருக்கும் சன்டவுனரை ராம்ஸ்கேட் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து கொடுங்கள், கடற்படை ஆட்கள் ஓட்டிச் செல்வார்கள் என்றார்கள். பெரும்பாலான படகுகளுக்கு நடந்தது அதுதான். உரிமையாளர் கரையில் நிற்பார், படகு போகும். லைட்டோலர் ஒப்பவில்லை. படகு போனால் நானும் போவேன் என்று நின்றார். அப்போது அவருக்கு வயது 66. மூத்த மகன் ரோஜரும், ஜெரால்ட் ஆஷ்கிராஃப்ட் என்ற 18 வயது கடல் சாரணரும் துணைக்கு வந்தார்கள்.

ஜூன் 1 காலை மூவரும் ராம்ஸ்கேட்டிலிருந்து கிளம்பினார்கள். மீட்பு நாட்களிலேயே கொடியவற்றில் ஒன்று அது. வானம் தெளிவாக இருந்ததால் குண்டுவீச்சு விமானங்கள் இடைவிடாமல் வந்தன. போர்க்கப்பல்கள் பல அன்று மூழ்கின. வழியில் வெஸ்டர்லி என்ற மோட்டார் படகு தீப்பற்றி நின்றது. அதிலிருந்தவர்களை ஏற்றிக்கொண்டார்கள். விமானங்கள் சன்டவுனரையும் குறிவைத்தன. அவற்றை ஏமாற்ற லைட்டோலர் கையாண்ட உத்தி அவருடைய இளைய மகன் பிரையனிடம் கேட்டுத் தெரிந்தது. விமானம் பாய்ந்து வரும்போதே திரும்பினால் விமானியும் திருத்திக்கொள்வான். குறி உறுதியாகும் கணம் வரை நேராகப் போய், அதன் மூக்கு நிமிரத் தொடங்கும்போது சுக்கானை முழுக்க ஒடிக்க வேண்டும். பிரையன் விமானப்படையில் குண்டுவீச்சு விமானி. போர் தொடங்கிய நாட்களிலேயே வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் தாக்குதலில் இறந்துவிட்டார். மகன் விளக்கிச் சொன்ன பாடம் அப்பாவின் கையில் அன்று நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு உயிர் தந்தது.

டன்கிர்க்கில் வொர்செஸ்டர் என்ற நாசகாரிக் கப்பலின் பக்கத்தில் அணைந்து வீரர்களை ஏற்றத் தொடங்கினார்கள். அதுவரை சன்டவுனரில் ஒரே சமயத்தில் ஏறியவர்கள் அதிகபட்சம் 21 பேர். இப்போது ரோஜர் கீழ்த்தளத்தில் நின்று ஆட்களை நெருக்கிப் படுக்க வைத்தார். கீழே இடம் தீர்ந்ததும் மேல்தளம் நிரம்பியது. படகு தாழ்ந்து தள்ளாடத் தொடங்கியபோதுதான் லைட்டோலர் நிறுத்தினார். சுமார் 130 பேரோடு திரும்பினார்கள். அருகே விரைந்து போகும் பெரிய கப்பல்கள் எழுப்பும் அலை குண்டுகளுக்கு நிகரான ஆபத்து. மேல்தளத்து ஆட்கள் எழுந்து ஒரு பக்கம் சாய்ந்தாலே படகு கவிழும். படுத்திருங்கள் என்ற கட்டளையே அவர்களைக் கரை சேர்த்தது. இரவு ராம்ஸ்கேட்டில் ஆட்கள் இறங்க இறங்க, அத்தனை பேரையும் எங்கே வைத்தீர்கள் என்று துறைமுகத்தில் வியந்தார்கள். கவிழ்ந்த படகின் மேல் நின்று உயிர் பிழைத்தவருக்கு, ஒரு படகு எவ்வளவு தாங்கும் என்று கணிக்கத் தெரிந்திருந்தது.

இன்னொரு மகன் டிரெவர் படையோடு டன்கிர்க்கில் சிக்கியிருந்தார். சன்டவுனர் போவதற்கு முன்பே வேறு வழியில் கரை சேர்ந்திருந்தார். ரோஜர் போரின் கடைசிக் கட்டம்வரை கடற்படையில் இருந்தார். 1945 மார்ச்சில் பிரான்சின் கிரான்வில் துறைமுகத்தில் ஜெர்மானியர் நடத்திய திடீர்த் தாக்குதலில் கொல்லப்பட்டார். லைட்டோலர் ட்விக்கன்ஹாமில் தேம்ஸ் கரையில் படகுப் பட்டறை நடத்தி, லண்டன் நதிக் காவல்துறைக்குப் படகு கட்டிக் கொடுத்தார். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்ட நாட்களில் அவர் காலமானார்.

மனிதரின் கதை அங்கே முடிகிறது. படகின் கதை முடியவில்லை. சன்டவுனர் பின்னாளில் கிழக்கு கென்ட் கடல்சார் அறக்கட்டளையிடம் வந்து, ராம்ஸ்கேட்டின் அருங்காட்சியகப் படகாகியது. அதற்குப் புகழ்பெற்ற ஓட்டி வாய்த்தார். மற்ற நூற்றுக்கணக்கான படகுகளுக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. போர் முடிந்ததும் அவை உரிமையாளர்களிடம் திரும்பின, அல்லது திரும்பவே இல்லை. சில வீட்டுப் படகுகளாகிக் கரையில் கட்டப்பட்டன. சில சேற்றில் கிடந்து மக்கின. சிலவற்றை வாங்கியவர்களுக்குத் தங்கள் படகு டன்கிர்க்குக்குப் போனது என்பதே தெரியாது.

அவற்றைத் தேடிச் சேர்த்தவர் ரேமண்ட் பாக்ஸ்டர். போரில் ஸ்பிட்ஃபயர் விமானி. பிறகு பிபிசி தொலைக்காட்சியில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். அவர் வாங்கிய லோராஜ் என்ற மோட்டார் படகும் டன்கிர்க் போய் வந்ததுதான். 1965-ல், மீட்பின் 25-ஆம் ஆண்டில், இத்தகைய படகுகள் எல்லாம் சேர்ந்து மறுபடி டன்கிர்க் போனால் என்ன என்று சண்டே டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 43 படகுகள் கடலைக் கடந்தன. அந்தப் பயணத்தில் கூடியவர்கள் கலைந்துவிட வேண்டாம் என்று அடுத்த ஆண்டு சங்கம் பிறந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை டன்கிர்க் போவது வழக்கமானது. 2020-ல் 80-ஆம் ஆண்டுப் பயணத்தைக் கொரோனா தடுத்தது. 2025 மே மாதம் அறுபதுக்கும் மேற்பட்ட படகுகள் ராம்ஸ்கேட்டிலிருந்து புறப்பட்டுப் போயின.

ஐந்தாண்டுப் பயணம்தான் செய்தியாகும். ஆனால் சங்கத்தின் உயிர் அதற்கு இடைப்பட்ட ஆண்டுகளில், தேம்ஸ் ஆற்றில் சேர்ந்து போகும் பயணங்களில் இருக்கிறது. ஹென்லியில் ஒவ்வொரு ஜூலையும் நடக்கும் பாரம்பரியப் படகு விழாவுக்கு வரிசையாக வருகிறார்கள். முன்னாள் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு மேல் ஆற்றில் ஒரு நாள் உலா போகிறார்கள். 2012 ஜூன் 3-ல் எலிசபெத் ராணியின் வைரவிழா ஊர்வலத்தில் ஏறக்குறைய ஆயிரம் படகுகள் கொட்டும் மழையில் லண்டனைக் கடந்தன. நீரோட்டம் மட்டுப்பட வேண்டும் என்பதற்காகத் தேம்ஸ் வெள்ளத்தடுப்பு அரணையே அன்று மூடினார்கள். டன்கிர்க் படகுகள் அதில் தனி அணியாகப் போயின.

இத்தகைய உலாவின் நடைமுறையை மதகுத் தொட்டி ஒன்றில் நின்று பார்த்தால் தெரியும். டெடிங்டனுக்கு மேலே அத்தகைய தொட்டிகள் நாற்பதுக்கு மேல் உண்டு. கீழ்க்கதவு திறந்ததும் பெரிய படகு முதலில் நுழைந்து சுவரோடு ஒட்டும். அதன் பக்கத்தில் அடுத்தது, இடுக்குகளில் சின்னவை. முன்னும் பின்னும் கயிறு போட வேண்டும், எஞ்சினை அணைக்க வேண்டும் என்பது விதி. கதவு மூடி நீர் ஏறத் தொடங்கியதும் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே வர வேண்டும். கட்டிவிட்டு நின்றால் படகு சாயும். பத்துப் படகுக்காரர்கள் ஒருவர் கயிற்றை ஒருவர் வாங்கிப் பிடித்து, ஒருவர் பலகையில் இன்னொருவர் படகு உரசாமல் தடுப்பு மெத்தை தொங்கவிட்டு, சேர்ந்து மேலே வருகிறார்கள். மேல்கதவு திறந்ததும் மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில் வரிசை நகர்கிறது.

இதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் நினைப்பது தவறு. மரப்படகு நீரில் இருக்கும்வரைதான் பலகைகள் ஊறிப் பருத்து ஒன்றோடொன்று இறுகியிருக்கும். கரையில் ஏற்றி வெயிலில் விட்டால் காய்ந்து சுருங்கி இடைவெளி விடும், இடுக்குகளை அடைத்த கலப்பத்து உதிரும். எஞ்சினும் அப்படித்தான், ஓடாவிட்டால் துரு பிடிக்கும். வருடத்துக்குச் சில உலாக்கள் என்றால், அந்தத் தேதிக்குள் கசிவை அடைக்க வேண்டும், உளுத்த பலகையை மாற்ற வேண்டும், எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும். தனியாக இருக்கும் உரிமையாளர் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவார். வரிசையில் தன் இடம் காலியாக இருக்கக்கூடாது என்று நினைப்பவர் குளிர்காலத்திலேயே பட்டறைக்குப் போவார். எங்கே நல்ல மரம் கிடைக்கும், எந்தத் தச்சர் பழைய முறையில் பலகை பூட்டுவார் என்ற தகவலெல்லாம் இந்த உலாக்களில்தான் கைமாறுகிறது.

அருங்காட்சியகத்தின் வேலையும் முக்கியம்தான். மீட்பில் போன கலங்களிலேயே மிகச் சிறியதாகக் கருதப்படும் 15 அடிகூட இல்லாத டாம்சைன் என்ற மீன்பிடிப் படகு, லண்டன் போர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் பத்திரமாக இருப்பது நல்லதே. ஆனால் ஒரு படகை நிறுத்தி வைத்தால் அதன் உருவம் மட்டுமே மிஞ்சும். எவ்வளவு ஆடும், எவ்வளவு தாங்கும், பத்துப் பேர் ஒரு பக்கம் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அது நீரில் ஓடும்போதுதான் தெரியும். சன்டவுனர் போன்ற படகில் 130 பேர் என்றால் என்ன என்பதை, அதைப் போன்ற ஒரு படகின் மேல்தளத்தில் இருபது பேரோடு நின்றவர் சட்டென்று புரிந்துகொள்வார். கிறிஸ்டோபர் நோலன் 2017-ல் வெளியான ‘டன்கிர்க்’ படத்தை எடுத்தபோது உண்மையான டன்கிர்க் படகுகளையே கடலில் ஓட்ட முடிந்தது. ஐம்பது ஆண்டுகளாக யாரோ அவற்றை ஓடும் நிலையில் வைத்திருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

அந்தக் கடற்கரையில் நின்றவர்கள் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். இனி நடந்ததை நேரில் பார்த்தவை என்று மிஞ்சப்போவது படகுகள் மட்டுமே. பெரிய போர்க்கப்பல்கள் உடைத்து விற்கப்பட்டன. காப்பாற்ற அரசாங்கம் இல்லாத, விற்றாலும் விலை போகாத சிறு படகுகள் எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் சொந்த எஞ்சினில் கடலைக் கடக்கின்றன. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல், வரிசையில் தங்கள் இடத்தை விட மனமில்லாத சாதாரண மனிதர்கள் அதைச் செய்திருக்கிறார்கள். பழம்பொருளை நேசிக்கும் எவரும் கற்றுக்கொள்ள வேண்டிய வழி இது: பொருளைப் பூட்டி வைக்காதீர்கள், அதை வைத்திருக்கும் மற்றவர்களைத் தேடிப்பிடித்து, சேர்ந்து பயன்படுத்துங்கள். ஐந்தாண்டு வழக்கம் தொடர்ந்தால் அடுத்த டன்கிர்க் பயணம் 2030-ல். அன்று எத்தனை படகுகள் கிளம்பும் என்பதைத் தீர்மானிப்பது அதுவரை ஒவ்வொரு குளிர்காலமும் தேம்ஸ் கரைப் பட்டறைகளில் மாற்றப்படும் பலகைகள்தான்.